உட்கருவின் போக்குவரவு

பள்ளிப் பிள்ளைகள் உயிரணுவின் படம் வரையும்போது முதலில் ஒரு பெரிய வட்டம் இடுவார்கள். அதனுள்ளே ஒரு சிறிய வட்டம் இடுவார்கள். பெரிய வட்டம் உயிரணு. சிறிய வட்டம் அதன் உட்கரு. இரண்டு கோடுகளும் எங்கும் விட்டுப் போகாமல் மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் படத்துக்கு அழகு. ஆயினும் அந்தச் சிறிய வட்டத்தைச் சற்றே கூர்ந்து நோக்கினால் ஒரு கேள்வி எழாமற் போகாது. நாற்புறமும் மூடிக் கிடக்கும் ஒன்று, வெளியே உள்ளவற்றை எவ்வாறு ஆள்கிறது? அதன் கட்டளை எவ்வழியே வெளிவருகிறது? அதற்கு வேண்டிய பொருள்கள் எவ்வழியே உட்செல்கின்றன? இவற்றுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

உயிரணுவைச் செல் என்றும், உட்கருவை நியூக்ளியஸ் என்றும் கூறுவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியல் அறிஞர் ராபர்ட் பிரௌன் 1831-ஆம் ஆண்டில் ஆர்க்கிட் செடிகளின் உயிரணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் உருண்டையான ஒரு பகுதி இருப்பதைக் குறிப்பிட்டு அதற்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார். அவருக்கு முன்னரும் சிலர் அதனைப் பார்த்ததுண்டு. ஆனால் நிலைத்து நின்ற பெயரைத் தந்தவர் அவரே. மரபுச் செய்திகளைத் தாங்கும் டி.என்.ஏ. இழைகள் அங்கேதான் உள்ளன என்பது பின்னாளில் தெளிவாயிற்று. மனித உயிரணு ஒன்றின் உட்கரு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவுடையது. அதனுள் அடங்கிய டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும்.

இங்கே ஒரு விந்தை உண்டு. ஏடுகள் இருப்பது உட்கருவில். பட்டறை இருப்பதோ வெளியில். உயிரணுவின் தொழில்களை நடத்தும் புரதங்கள், உட்கருவைச் சூழ்ந்துள்ள உயிரணுக் குழம்பில், ரைபோசோம் என்னும் நுண்துகள்களால் ஆக்கப்படுகின்றன. எந்தப் புரதத்தை ஆக்க வேண்டும் என்ற செய்தி, தூது ஆர்.என்.ஏ. என்னும் வடிவில் உட்கருவிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். மறுபுறம், டி.என்.ஏ. இழையைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களும், இழையைப் படியெடுக்கும் நொதிகளும், பழுது பார்க்கும் நொதிகளும் வெளியே பிறந்து உள்ளே சென்றாக வேண்டும். ரைபோசோமின் வரலாறோ இன்னும் வேடிக்கையானது. அதற்குரிய புரதங்கள் வெளியே ஆக்கப்பட்டு உள்ளே செல்கின்றன, உள்ளே ஆர்.என்.ஏ.வுடன் சேர்ந்து இரண்டு துண்டுகளாக உருப்பெறுகின்றன. பிறகு அத்துண்டுகள் தனித்தனியே வெளிவந்து, அங்கே கூடி வேலை செய்கின்றன. வெளியில் பிறந்து, உள்ளே வளர்ந்து, மீண்டும் வெளியில் வாழ்க்கைப்படும் பொருள் அது!

இத்தனை அலைச்சல் எதற்கு, சுவரே இல்லாதிருந்தால் என்ன என்று கேட்கலாம். பாக்டீரியாக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. அங்கே செய்தி எழுதி முடியுமுன்பே ரைபோசோம்கள் அதனைப் பற்றிக்கொண்டு புரதம் ஆக்கத் தொடங்கிவிடுகின்றன. நம் உயிரணுக்களில் அவ்வாறு நடந்தால் கேடு விளையும். ஏனெனில் நம் மரபுச் செய்தியின் இடையிடையே புரதத்துக்கு உதவாத பகுதிகள் பல செருகப்பட்டுள்ளன. இது 1977-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அப்பகுதிகளை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றை ஒட்டிய பிறகே செய்தி பொருளுடையதாகும். பிழை திருத்தாத படியை அச்சகத்துக்கு அனுப்பினால் நூல் என்னவாகும்? பிழை திருத்தும் அறையையும் அச்சிடும் அறையையும் பிரித்து வைப்பது அந்தச் சுவர். ஆகவே சுவரும் வேண்டும். சுவரில் வழியும் வேண்டும். வழியில் காவலும் வேண்டும்.

வழி இருப்பதைத் தெளிவாகக் காட்டியவர்கள் காலன், டாம்லின் என்னும் இருவர். 1950-ஆம் ஆண்டில் அவர்கள் தவளை முதலிய நீர்நில வாழ் விலங்குகளின் முட்டையணுக்களிலிருந்து உட்கருவின் உறையை எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து நோக்கினர். இரண்டடுக்குடைய அவ்வுறையில் வட்டமான துளைகள் நிறைந்திருப்பது புலப்பட்டது. மனித உயிரணு ஒன்றின் உட்கருவில் இத்தகைய துளைகள் சில ஆயிரம் உள்ளன. அவற்றை வெறுந்துளைகள் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொன்றிலும், எட்டு ஆரங்கள் கொண்ட சக்கரம் போன்ற ஓர் அமைப்புப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள், பலபடியாக வந்து, மொத்தம் ஆயிரம் மூலக்கூறுகள் அளவில் சேர்ந்து அச்சக்கரத்தை அமைக்கின்றன. அதன் அகலம் ஏறத்தாழ 120 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர் என்பதை நினைவிற் கொள்க. மனித உயிரணுவில் இச்சக்கரத்தின் கட்டமைப்புப் பெரும்பாலும் முழுமையாக 2022-ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது. இதனைத் துளைவாயில் என்று அழைப்போம்.

இவ்வாயிலுக்குக் கதவும் இல்லை, தாழும் இல்லை. சக்கரத்தின் உட்புறத்திலிருந்து நெகிழ்ந்து தொங்கும் புரத இழைகள் நடுவழியை நிறைத்து நிற்கின்றன. ஃபினைல்அலனின், கிளைசின் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் இணையிணையாக மீண்டும் மீண்டும் வருவது அவ்விழைகளின் அடையாளம். நீரும் உப்பும் சர்க்கரையும் சிறு புரதங்களும் இழைகளுக்கு ஊடே தாமே புகுந்து போய்வரும். ஏறத்தாழ 40,000 டால்டன் எடைக்கு மேற்பட்ட புரதங்களுக்கு மட்டும் அவ்வழி எளிதில் இடங்கொடுப்பதில்லை. ஹைட்ரஜன் அணு ஒன்றின் எடையே ஏறத்தாழ ஒரு டால்டன் ஆகும். ஆனால் இதனினும் பன்மடங்கு பெரிதான ரைபோசோமின் துண்டு அதே வாயிலைக் கடந்துவிடுகிறது. சிறியது வாயிலில் தடைப்பட்டு நிற்க, பெரியது கடந்து செல்வது எங்ஙனம்?

இதற்கு ஒரு காலத்தில் இருவகை விடைகள் கூறப்பட்டன. எல்லாப் பொருள்களும் மெல்ல மெல்ல உள்ளே கசிகின்றன, அங்கே பற்றுக்கோடு உள்ளவை மட்டும் தங்கிவிடுகின்றன என்பது ஒரு கொள்கை. வாயிலிலேயே தேர்வு நடக்கிறது என்பது மற்றொரு கொள்கை. இவற்றுள் எது மெய் என்பதைக் கேம்பிரிட்ஜ் நகரில் டிங்வால், லாஸ்கி முதலியோர் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டிற்று. ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டையணு மிகப் பெரியது. அதன் குழம்பிலோ உட்கருவிலோ வேண்டியதை நுண்ணூசியால் செலுத்தலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதம் ஐந்து கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வால் உண்டு. முழுப் புரதத்தைக் குழம்பில் செலுத்தினால் அது உட்கருவை அடைந்தது. ஐந்து வால்களையும் நறுக்கிவிட்டுச் செலுத்தினால் வெளியிலேயே நின்றது. ஒரே ஒரு வால் எஞ்சியிருந்தாலும் உள்ளே சென்றது. நறுக்கிய வால் தனியாகவும் உள்ளே சென்றது. வாலற்ற உடலை நேரே உட்கருவினுள் செலுத்தியபோதோ, அது வெளியேறாமல் அங்கேயே தங்கிற்று. உள்ளே தங்குவதற்கு வால் தேவையில்லை. உள்ளே நுழைவதற்கே தேவை. தேர்வு வாயிலில் நடக்கிறது என்பது உறுதியாயிற்று. இரண்டாண்டு கழித்து, 1984-இல், ஃபெல்ட்ஹரும் அவர் துணைவரும் இதே புரதத்தால் பூசிய பொன் துகள்களைச் செலுத்தி, அவை துளைவாயிலின் நடுவழியே செல்வதை நுண்ணோக்கியில் காட்டினர்.

வாலில் அப்படி என்ன இருக்கிறது? இதற்கு விடை ஒரு குரங்கு வைரஸிலிருந்து வந்தது. எஸ்.வி.40 என்னும் அந்த வைரஸின் ஒரு புரதம் உட்கருவுக்குள் செல்லும் இயல்புடையது. அதன் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களுள் ஒரே ஒரு லைசினை மாற்றியவுடன் அப்புரதம் வெளியிலேயே நின்றுவிட்டது. அந்த லைசினைச் சுற்றியுள்ள ஏழே அமினோ அமிலங்களை, உட்கருவுக்குள் என்றும் செல்லாத வேறொரு புரதத்தில் ஒட்டியபோது, அப்புரதம் உள்ளே சென்றது. இவையும் 1984-இல் வெளிவந்த ஆய்வுகளே. ஏழு எழுத்தில் எழுதிய நுழைவுச் சீட்டு அது என்று கொள்ளலாம். புரதங்கள் தாம் சேர வேண்டிய இடத்தின் குறியைத் தம் உடலிலேயே தாங்கி வருகின்றன என்ற கொள்கையை உயிரணுவின் மற்றோர் உறுப்பில் நிலைநாட்டிய குன்ட்டர் பிளோபல் 1999-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

சீட்டு இருந்தால் போதுமா? அதைப் படிப்பவர் வேண்டும் அல்லவா? 1990-இல் கலிபோர்னியாவில் ஆடம், ஜெரேஸ் முதலியோர் ஒரு நுட்பமான வழியைக் கையாண்டனர். டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து கிடைக்கும் டிஜிட்டோனின் என்னும் பொருளைக் கொண்டு உயிரணுவின் வெளிப்படலத்தில் மட்டும் ஓட்டைகள் இட்டனர். உட்கருவின் உறை சிதையாமல் நின்றது. ஓட்டைகளின் வழியே குழம்பின் நீர்மம் கழுவிச் சென்றது. இப்போது சீட்டுள்ள புரதத்தைக் கொடுத்தாலும் அது உள்ளே செல்லவில்லை. கழுவிய நீர்மத்தை மீண்டும் ஊற்றியவுடன் சென்றது. சீட்டைப் படிப்பவர் அந்த நீர்மத்தில் இருக்கிறார் என்பது தெளிவாயிற்று. அந்நீர்மத்தைப் பகுத்துப் பகுத்துத் தேடியதன் பயனாக, 1994-இல் கோர்லிக் முதலியோர் இம்போர்ட்டின் என்னும் புரதத்தைக் கண்டெடுத்தனர். வெளிச்செல்லும் பொருள்களுக்கும் இவ்வாறே தனிச் சீட்டு உண்டு என்பது 1995-இலும், அதனைப் படிக்கும் எக்ஸ்போர்ட்டின் என்னும் புரதம் 1997-இலும் அறியப்பட்டன. மனித உயிரணுவில் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை ஏறத்தாழ 20 உள்ளன.

இவற்றை ஆற்றுத் துறையின் ஓடங்களாக நினைத்துக்கொள்வோம். ஓடம் ஒருபுறம் சரக்கின் சீட்டைப் பற்றுகிறது; மறுபுறம் துளைவாயிலின் இழைகளோடு உறவாடுகிறது. அதன் மேனியில், இழைகளின் ஃபினைல்அலனின்கள் வந்து பொருந்துவதற்கேற்ற சிறு குழிகள் உள்ளன. பற்றியும் விட்டும் பற்றியும் விட்டும் இழைகளின் ஊடே அது வழுக்கிச் செல்கிறது. மற்றப் பொருள்களைத் தடுக்கும் அதே இழைகள் ஓடத்துக்கு மட்டும் இடங்கொடுக்கின்றன. அவ்விழைகள் வாயிலினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, வலைபோல் பின்னியா, தூரிகைபோல் விரிந்தா என்பது பற்றி விஞ்ஞானிகளிடையே வாதம் இன்றும் தொடர்கிறது. போக்குவரவின் வேகத்தில் ஐயமில்லை. ஒரே வாயிலின் வழியே ஒரு நொடியில் ஆயிரம் ஓடங்கள் அளவில் கடக்க முடியும். டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டிருக்கும் உயிரணு, 3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஹிஸ்டோன் மூலக்கூறுகளை உட்கொள்ள வேண்டியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு வாயிலின் வழியேயும் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு!

இனித்தான் உண்மையான புதிர் வருகிறது. இவ்வோடத்துக்குத் துடுப்பில்லை; பாய்மரமில்லை; இழுத்துச் செல்லும் எந்திரமும் இல்லை. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால் நுண்பொருள்கள் இங்குமங்கும் தள்ளாடுகின்றனவே, அந்தத் தள்ளாட்டமே அதன் ஓட்டம். அதற்குப் பிரௌனியன் இயக்கம் என்று பெயர். உட்கருவுக்குப் பெயரிட்டாரே, அதே ராபர்ட் பிரௌன் 1827-ஆம் ஆண்டில் மகரந்தத்தின் நுண்துகள்கள் நீரில் ஓயாமல் அசைவதைக் கண்டு ஆராய்ந்தார். அதனால் வந்த பெயர் இது. அவர் கண்ட அசைவே, அவர் பெயரிட்ட உட்கருவுக்குள் சரக்கைக் கொண்டு செல்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் தள்ளாட்டத்துக்குத் திசை கிடையாது. உள்ளே போன ஓடம் சரக்குடன் அப்படியே வெளியே வந்துவிடலாம். வாயிலின் இழைகளோ இருதிசையிலும் ஒருபடியாக வழிவிடுபவை. அப்படியானால் உட்செல்ல வேண்டியது உள்ளேயும், வெளிச்செல்ல வேண்டியது வெளியேயும் குவிவது எவ்வாறு?

திசையைத் தருவது ஓடமும் அன்று, வாயிலும் அன்று. இரு கரைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே திசையைத் தருகிறது. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது ரான் என்னும் ஒரு சிறு புரதம். இப்போக்குவரவுக்கு அது இன்றியமையாதது என்பது 1993-இல் தெரியவந்தது. ரான், குவனோசின் என்னும் ஒரு மூலக்கூற்றைத் தன்னிடம் பற்றிக்கொண்டிருக்கும். அம்மூலக்கூற்றில் மூன்று பாஸ்பேட்டுகள் இருக்கலாம். ஒன்று வெட்டுண்டு இரண்டே எஞ்சியும் இருக்கலாம். எளிதில் விளங்கும்பொருட்டு, மூன்று பாஸ்பேட்டு உள்ளபோது அதனை நிறைரான் என்போம். இரண்டு உள்ளபோது குறைரான் என்போம். புரதம் ஒன்றே, கைப்பொருள்தான் வேறு. கைப்பொருள் மாறும்போது அதன் வடிவும் சிறிது மாறுகிறது. நிறைரான் ஓடங்களை இறுகப் பற்றும், குறைரான் பற்றாது. உட்கருவினுள் இருப்பது பெரும்பாலும் நிறைரான். வெளியே குழம்பில் இருப்பது பெரும்பாலும் குறைரான். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

உட்செல்லும் ஓடத்தை முதலில் நோக்குவோம். வெளிக்கரையில் நிறைரான் இல்லை. ஆகவே இம்போர்ட்டின் சரக்கைத் தடையின்றிப் பற்றுகிறது. தள்ளாடித் தள்ளாடி வாயிலைக் கடந்து உட்கரையை அடைகிறது. அங்கே நிறைரான் வந்து அதனைப் பற்றுகிறது. ஓடத்தின் வடிவு மாறுகிறது. சரக்கு கீழே விழுகிறது. சரக்கை இழந்த ஓடம் நிறைரானைச் சுமந்தபடி வெளியே மிதந்து வருகிறது. வெளிக்கரையில் உள்ள மற்றொரு புரதத்தின் தூண்டுதலால் நிறைரானின் ஒரு பாஸ்பேட்டு வெட்டுண்டு, அது குறைரானாகி நழுவுகிறது. ஓடம் மறுபடியும் வெறுமையாகி, அடுத்த சரக்குக்குக் காத்து நிற்கிறது.

வெளிச்செல்லும் ஓடத்தின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. எக்ஸ்போர்ட்டின் நிறைரானின் துணையின்றிச் சரக்கை உறுதியாகப் பற்றாது. நிறைரான் உள்ளே மிகுதி. ஆகவே சரக்கு, ஓடம், நிறைரான் மூன்றும் உட்கரையில் ஒன்றாய்க் கோத்துக்கொள்கின்றன. வெளியே வந்தவுடன் பாஸ்பேட்டு வெட்டுண்கிறது, பிணைப்புத் தளர்கிறது, மூன்றும் பிரிகின்றன. ஆக, நிறைரானின் பற்று ஒருவகை ஓடத்துக்குச் சரக்கை இறக்கு என்ற கட்டளை. மற்றொரு வகை ஓடத்துக்குச் சரக்கை ஏற்று என்ற கட்டளை. ஒரே அடையாளத்தைக் கொண்டு இரண்டு எதிர்த்திசைப் போக்குவரவுகளும் நடைபெறுகின்றன. தூது ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி மட்டும் ரானை நம்பாமல் வேறு வகை ஓடங்களில் வெளியேறுகிறது. எனினும் அங்கும் வெளிவாயிலில் உள்ள ஒரு நொதி, ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவிட்டு, வந்த ஓடத்தைக் கழற்றிவிடுகிறது. கழற்றுதல் ஒரு கரையில் மட்டும் நடப்பதால் செய்தி மீண்டும் உள்ளே திரும்புவதில்லை. முறை வேறு, கருத்து ஒன்றே.

இது வெறும் கருத்து என்று எவரேனும் ஐயுற்றால், 1999-ஆம் ஆண்டில் நாஷுரி, வைஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டலாம். வெளிப்புறத்தில் நிறைரானை மிகுதியாகச் சேர்த்தால் என்ன நிகழும் என்று அவர்கள் சோதித்தனர். வெளிச்செல்லும் சீட்டுடைய சரக்குகள் உள்நோக்கிச் செல்லத் தொடங்கின! அதுவும் மிக விரைவாகவே சென்றன. வாயில் மாறவில்லை, ஓடம் மாறவில்லை, சீட்டும் மாறவில்லை. கரையின் அடையாளம் மாறியது, திசை தலைகீழாயிற்று. கடந்து செல்லும் செயலுக்குப் பாஸ்பேட்டை வெட்டும் ஆற்றல் தேவையில்லை என்பதும் இதனால் விளங்கிற்று. ஆற்றைக் கடக்கச் செலவில்லை. கரைகளை வேறாக வைத்திருப்பதற்கே செலவு.

அந்தச் செலவை உயிரணு ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. வெளியே குறைந்துபோன ரானை, அதற்கென்றே அமைந்த வேறொரு சிறு ஓடம் மீண்டும் உள்ளே கொண்டு சேர்க்கிறது. உள்ளே ஆர்.சி.சி.1 என்னும் புரதம் அதன் பழைய கைப்பொருளை விடுவித்து, மூன்று பாஸ்பேட்டு உள்ளதை ஏற்கச் செய்து, நிறைரானாக்குகிறது. இப்புரதம் எங்கே இருக்கிறது? டி.என்.ஏ. இழைகளும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த குரோமாட்டினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாஸ்பேட்டை வெட்டத் தூண்டும் புரதமோ வெளியே இருக்கிறது. ஒரு பகுதி வாயிலின் வெளிமுகத்திலேயே காத்து நிற்கிறது. உள் எது, வெளி எது என்பதை உயிரணு இவ்வாறுதான் அறிகிறது. ஏடுகள் எங்கே உள்ளனவோ அதுவே உள்.

நுழைவுச் சீட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்புக்குள் செல்லும் புரதங்களின் சீட்டு, உள்ளே சென்றதும் பெரும்பாலும் கிழிக்கப்பட்டுவிடும். உட்கருவுக்குரிய சீட்டு கிழிக்கப்படுவதில்லை. காரணம் எளிது. நம் உயிரணு ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் உட்கருவின் உறை கலைந்துவிடுகிறது. உள்ளே இருந்தவை வெளியே இருந்தவற்றோடு கலந்துவிடுகின்றன. பிரிவு முடிந்து புதிய உறை உருவானதும் அவையெல்லாம் மறுபடியும் உள்ளே சென்றாக வேண்டும். சீட்டைக் கிழித்திருந்தால் என் செய்வது? சில வேளைகளில் சீட்டு மறைக்கப்பட்டும் இருக்கும். நோய்க்கிருமிகள் தாக்கும்போது தற்காப்பு மரபணுக்களைத் தூண்டும் என்.எஃப். காப்பா பி என்னும் புரதம், சாதாரண நாட்களில் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் சீட்டை மற்றொரு புரதம் மூடிக்கொண்டிருக்கிறது. தாக்குதலின் அறிகுறி கிடைத்ததும் மூடிய புரதம் அழிக்கப்படுகிறது, சீட்டு வெளிப்படுகிறது, காவலன் உள்ளே விரைகிறான்.

இந்த ஒழுங்கு குலையும்போது அதன் விளைவை மனிதன் தன் உடலில் காண்கிறான். புற்றுநோய் பலவற்றில் எக்ஸ்போர்ட்டின் அளவுக்கு மீறிப் பெருகிக் காணப்படுகிறது. உயிரணு கட்டின்றிப் பெருகாமல் அடக்கி வைக்கும் பி53 போன்ற புரதங்கள் உட்கருவில் இருந்தால்தான் தம் கடமையைச் செய்ய முடியும். அவற்றை அந்த ஓடம் வெளியே ஏற்றிச் சென்றுவிடுகிறது. காவலர் இருந்தும் காவல் இல்லை. சரக்கு ஏறும் இடத்தில் தான் அமர்ந்துகொண்டு அவ்வோடத்தை அடைத்துவிடும் செலினெக்சார் என்னும் மருந்து, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்காக 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தவளையின் முட்டையிலும் குரங்கின் வைரஸிலும் தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளியின் கையில் ஒரு மாத்திரையாக வந்து சேர்ந்தது.

எய்ட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. இப்போக்குவரவைத் தன் பயனுக்குத் திருப்பிக்கொள்வதில் வல்லது. அது தன் மரபுப்பொருளை வைத்திருக்கும் கூம்புவடிவப் பேழையே துளைவாயிலினுள் புகக்கூடும் என்பது 2021-இல் காட்டப்பட்டது. வெட்டித் திருத்தாத ஆர்.என்.ஏ.வை வெளியேற்றுவதற்கு அது நம்முடைய எக்ஸ்போர்ட்டினையே ஏவல் கொள்கிறது. இனி நரம்பணுக்களை நோக்குவோம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏ.எல்.எஸ். என்னும் கொடிய நோயில், உட்கருவில் இருக்க வேண்டிய டி.டி.பி.43 என்னும் புரதம் அங்கே குன்றி, வெளியே கட்டியாகத் திரண்டு கிடப்பது 2006-இல் அறியப்பட்டது. நரம்பணு பிரிவதில்லை, ஆதலால் அதன் துளைவாயில்களின் சட்டங்கள் புதுப்பிக்கப்படுவதும் அரிது. முதிய எலிகளின் மூளையில் உள்ள அணுக்களில் வாயில்கள் தேய்ந்து, வெளியே இருக்க வேண்டிய புரதங்கள் உட்கருவினுள் கசிந்திருப்பது 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் காணப்பட்டது. முதுமை என்பது நரையும் திரையும் மட்டுமன்று. கண்ணுக்கெட்டாத வாயிற்சட்டங்களின் தேய்மானமும் அதில் அடங்கியுள்ளது போலும்.

மூலக்கூறுகளுக்கு வழி சொல்பவர் யார் என்று மாணவன் ஒருவன் கேட்டால் என்ன விடை கூறுவது? மூலக்கூற்றுக்குக் கண் இல்லை. ஓடத்துக்கு அறிவு இல்லை. வாயிலுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. சரக்கின் மேல் ஒரு சீட்டு. அதைப் பற்றும் ஓர் ஓடம். இருபுறமும் மாறாமல் காக்கப்படும் ஒரு வேறுபாடு. இம்மூன்றும் இருந்தால், தற்செயலான தள்ளாட்டமே ஒழுங்கான போக்குவரவாகிவிடுகிறது. இவற்றுள் சீட்டும் ஓடமும் ஒரு முறை ஆக்கினால் நெடுநேரம் உழைக்கும். வேறுபாடோ அவ்வாறன்று. அது கணந்தோறும் கரைந்துகொண்டிருப்பது. ஆகவே கணந்தோறும் புதுக்கப்பட வேண்டியது. அதைப் புதுக்கும் ஆற்றல் உயிரணுவுக்கு அற்றுப்போகுமாயின், ஆயிரமாயிரம் வாயில்கள் திறந்தே கிடக்கும். ஆயினும் கட்டளை வெளிவராது, காவலர் உட்செல்லார். நேயர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுபொழுதிலும், தம் உடலின் கோடானுகோடி உயிரணுக்களில் அந்த வேறுபாடு ஓயாமல் காக்கப்பட்டு வந்திருக்கிறது.